தோத்தா ஊரைக் கொடு

மஞ்சக்குப்பம், கடலூர்
9.6.2024

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள தம்பி தைரியராஜுக்கு அக்கா ஜெயராணி எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன். உன் மச்சான் படுத்த இடத்தில் சுகம். வாதம் இழுத்த கையில் விரல் மட்டும் லேசாக அசைகிறது. டாக்டர் அதற்கே சந்தோஷப்படச் சொல்கிறார், நானும் பட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குக் கால் எரிச்சல் தேவலையா? உன் பொண்ணு சிந்தியா வேளைக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை மருந்துக் கடை வேலையே கதி என்று இருக்கிறாளா?

முதலில் உன் விடுகதை. "பேருல தலை உண்டு, அதுக்குத் தலை கெடையாது. பேருல அணை உண்டு, சொட்டுத் தண்ணி நிக்காது." தலையணை! பாத்திரம் விளக்கும்போதே கண்டுபிடித்துவிட்டேன். நல்ல விடுகதைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து சண்டை. சேத்தியாத்தோப்பு உன்னுடையது என்று எழுதியிருக்கிறாயே, உனக்கே நியாயமா? விடை தெரியாமல் தோற்றவர் ஒரு ஊரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நீ டவுசர் போட்ட காலத்தில் நாம் போட்ட சட்டம். ஸ்ரீமுஷ்ணம், பரங்கிப்பேட்டை, பண்ருட்டி மூன்றும் உன்னிடம் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. சேத்தியாத்தோப்பு போன தவக்காலத்தில் நீ என்னிடம் தோற்ற ஊர். கண்ணாடி விடுகதையில் மாட்டிக்கொண்டு "தோத்தேன், சேத்தியாத்தோப்ப எடுத்துக்கோ" என்று உன் கையாலேயே எழுதினாய். மறந்துவிட்டாயா, இல்லை ஏமாற்றுகிறாயா? நல்லவேளை, கடலூரை விளையாட்டில் சேர்க்கவில்லை. "அத தோத்துட்டா சாயந்திரம் எந்த வூட்டுக்குப் போறது?" என்று அழுதவன் நீதான்.

சிந்தியா போனில் பேசச் சொல்கிறாள். நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. காது மெஷின் கொய்யென்று கத்துகிறது. எனக்குக் கடிதாசியே போதும்.

கல்லறைத் திருநாளுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். மச்சான் விழுந்த பிறகு நாம் முகம் பார்ப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். நவம்பர் இரண்டு. அப்பா அம்மா கல்லறைக்கு மெழுகுவத்தி நீதான் வாங்கி வர வேண்டும். பக்கத்து வீட்டு அமராவதி ஒரு மணி நேரம் மச்சானைப் பார்த்துக்கொள்வாள்.

இந்தா என் விடுகதை: "பேருல பூ உண்டு, கொண்டையில வைக்க முடியாது. வூட்டுல ஆள் இல்லன்னாத்தான் அவனுக்கு வேல."

இப்படிக்கு,
உன் அக்கா ஜெயராணி


சிதம்பரம்
23.6.2024

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நாங்கள் சுகம். கால் எரிச்சல் போய்விட்டது. மச்சானின் விரலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஹார்டுவேர்ஸ் கடைக்கு இப்போது போவதில்லை. முதலாளியின் மகன் ஓய்வெடுக்கச் சொன்னான். நல்ல பையன். அவனே வீடு வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனான். வீட்டில் இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. சேத்தியாத்தோப்பு உன்னுடையது என்றால் வைத்துக்கொள், சண்டை எதற்கு?

உன் விடுகதைக்கு விடை எனக்குத் தெரியும். கதவில் தொங்குவது. சாவி போட்டால் திறப்பது. சரிதானே?

என்னுடையது: மேலே இருக்கும். மூன்று கை இருக்கும். சுற்றும். சுற்றினால் காற்று வரும். அதன் பேர் என்ன?

இப்படிக்கு,
தம்பி தைரியராஜ்


மஞ்சக்குப்பம்
7.7.2024

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம். மச்சானைப் புரட்டிப் போட்டுப் புரட்டிப் போட்டு என் இடுப்பு விட்டுப்போச்சு. அவருக்குப் பேச்சு வராவிட்டாலும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினால் உதடு கோணிச் சிரிக்கிறார்.

அதிருக்கட்டும். தொங்குவது, திறப்பது என்று சுற்றி வளைத்தால் அது விடையா? பூட்டு என்று எழுதக் கை வலித்ததா? பேரைச் சொன்னால்தான் விடை. நீ தோற்றாய். ஒரு ஊரைக் கொடு.

அப்புறம் உன் விடுகதை. அடேய், இதற்குப் பேர் விடுகதையா? விடுகதை என்றால் பேருக்குள் ஒரு வித்தை ஒளிந்திருக்க வேண்டும். தலையணை சொன்ன வாயா இது? கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணில் பட்டதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாய். கடையை விட்டதும் சோம்பேறித்தனம் ஜாஸ்தியாகிவிட்டது. நிமிர்ந்து பார், உன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பேரை நான் எழுத மாட்டேன். எழுதினால் நம் விளையாட்டுக்கே அசிங்கம்.

இதைக் கண்டுபிடி பார்க்கலாம்: "வாழையில தொங்கறதும் அவன்தான், வகிடு எடுக்கறதும் அவன்தான்." பேரைச் சொல்லி எழுது. ஊரையும் சேர்த்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அக்கா ஜெயராணி


சிதம்பரம்
29.8.2024

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். நீயும் மச்சானும் சுகமா?

பதில் போட நாளாகிவிட்டது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தலைக்கு மேலே பார்த்தேன். சுற்றுகிறது. அதன் பேரை நீ எழுதவே இல்லையே அக்கா. எழுது.

வாழைக்கு விடை, தலை வாருவது. தலை வாருவோமே, அது.

இன்னொன்று. காப்பியில் போடுவோம். வெள்ளையாக இருக்கும். உப்பு இல்லை. உப்பு என்று சொன்னேன், சிந்தியா ஒரு மாதிரி பார்த்தாள். அது என்ன?

இந்த ஒரு தடவை சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேர்களை எழுது. ஊர் அப்புறம் தருகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி தைரியராஜ்


மஞ்சக்குப்பம்
8.9.2024

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள தம்பிக்கு. இன்று மாதா பிறந்தநாள். பூசைக்குப் போக முடியவில்லை. மச்சானுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. பவுடர் போட்டு, துணி மாற்றி, விசிறிக்கொண்டே இருக்கிறேன். அமராவதி கோயிலிலிருந்து பாயசம் கொண்டுவந்தாள், அதுதான் எனக்குத் திருவிழா.

மாசக்கணக்கில் காத்துக்கிடந்தால் இப்படியா ஒரு கடிதம்? தலை வாருவோமே அது, காப்பியில் போடுவோமே அது. பச்சைப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்கிறாய். எனக்குத் தெரியாதா உன் தந்திரம்? ஊரைக் கொடுக்க மனசு வரவில்லை, அதற்காக விளையாட்டையே கெடுக்கிறாய், கஞ்சப் பயலே. முடியாது. ஊரைக் கொடு, பேரை வாங்கிக்கொள். அவ்வளவுதான்.

உன் கையெழுத்து ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது? எதையாவது மறைக்கிறாயா? பிரஷர் கூடிவிட்டதா? உள்ளதைச் சொல்லு. இங்கிருந்து என்னால் ஓடி வர முடியாது, அதனால் எழுத்திலாவது சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்கா ஜெயராணி


சிதம்பரம்
6.10.2024

அன்புள்ள அத்தைக்கு சிந்தியா எழுதுவது. நீங்களும் மாமாவும் நலமாக இருக்கத் தினமும் செபிக்கிறேன். மாமாவுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டதா? களிம்பு ஒன்று இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை அத்தை. அவருக்குப் பேர்கள் மறந்துபோகின்றன. சும்மா மறதி இல்லை. கையில் டம்ளரை வைத்துக்கொண்டே "இது, இது" என்கிறார். ஹார்டுவேர்ஸ் கடையில் ஒருவர் தாழ்ப்பாள் கேட்டிருக்கிறார். அப்பா கீல் எடுத்துக் கொடுத்தார், அப்புறம் ஆணி, அப்புறம் பெயிண்ட் பிரஷ். கடைசியில் அப்படியே நின்று அழுதிருக்கிறார். அன்றைக்குத்தான் முதலாளியின் மகன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

புதுச்சேரியில் டாக்டரிடம் காட்டினேன். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறதாம். "முதல்ல சாமான் பேர் போவும்மா, அப்புறம் ஊர் பேர், அப்புறம் ஆள் பேர்" என்றார். நிறுத்தி வைக்க மாத்திரை இல்லை என்றும் சொன்னார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன், எத்தனை மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், அப்பாவுக்கு மட்டும் ஒன்று இல்லை.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். "அக்கா ஏற்கனவே ஒரு படுக்கையக் கட்டிக்கிட்டுக் கெடக்குது, இன்னொண்ணு எதுக்கு அதுக்கு?" என்றார். நான் பேரைச் சொல்லிக் கொடுத்தால் கோபம் வருகிறது, தட்டைத் தள்ளிவிடுகிறார். உங்களிடம் விடுகதை மாதிரி கேட்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. உங்கள் கடிதம் வந்தால் பேர் வரும் என்று தபால்காரருக்காக வாசலில் நின்றார். படித்துவிட்டு, "அக்கா குடுக்கல" என்று மட்டும் சொன்னார்.

தயவுசெய்து பேர்களை எழுதுங்கள் அத்தை. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அன்பு மருமகள்,
சிந்தியா


மஞ்சக்குப்பம்
13.10.2024

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புத் தம்பி தைரியராஜுக்கு அக்கா ஜெயராணி எழுதுவது. நான் சுகம், மச்சான் சுகம், எல்லாரும் சுகம். நீ நன்றாகச் சாப்பிடு.

தோத்தேன். உன் விடுகதை இரண்டுக்கும் நான் விடை எழுதவில்லை, அதனால் சட்டப்படி நான்தான் தோற்றேன். இப்போது எழுதுகிறேன். தலைக்கு மேலே சுற்றுவது ஃபேன். காப்பியில் போடுவது சர்க்கரை. தலை வாருவது சீப்பு. கதவில் தொங்குவது பூட்டு.

இனிமேல் ஒரு புதுச் சட்டம். விடையை முதலில் எழுத வேண்டும், விடுகதை அப்புறம். எனக்கும் வயசாகிறது, யோசித்தால் தலை வலிக்கிறது. அதனால் இதோ, விடை முதலில்: டம்ளர், தட்டு, சாவி, செருப்பு, குடை, துண்டு, தாழ்ப்பாள், கீல். ஒவ்வொன்றையும் கொட்டை எழுத்தில் தனித்தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தந்தச் சாமான் மேல் ஒட்டிக்கொள். எதன் பேராவது விட்டுப்போயிருந்தால் உடனே எழுதிக் கேள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள். நான் திட்ட மாட்டேன்.

தோற்றதற்கு ஊர் தர வேண்டுமே. நீ ஆசைப்பட்ட ஊரையே தருகிறேன். ஒரு தாள் முழுக்கப் பெரிசாக எழுதியிருக்கிறேன் பார்: சேத்தியாத்தோப்பு. உனக்குத்தான். பத்திரமாக வைத்துக்கொள்.

கல்லறைத் திருநாளுக்கு வந்துவிடு கண்ணு. சிந்தியாவோடு வா. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்கா ஜெயராணி


சிதம்பரம்
5.11.2024

அன்புள்ள அத்தைக்கு சிந்தியா. மாமா எப்படி இருக்கிறார்? அப்பா இப்போது தூங்குகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாள் அன்று நீங்கள் கையில் பூவோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததாக அமராவதி அக்கா போனில் சொன்னார். நாங்கள் ஏன் வரவில்லை என்று எழுதத் தைரியம் வராமல் மூன்று நாள் கடத்திவிட்டேன்.

அன்று எனக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை. வந்து கூட்டிப் போகிறேன், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். நீங்கள் அனுப்பிய தாள்களை ஒட்டியதிலிருந்து அப்பாவுக்கு நல்ல தெம்பு. பூட்டைப் பார்த்துப் "பூட்டு" என்பார், ஃபேனைப் பார்த்து "ஃபேன்" என்பார், என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தத் தெம்பில் தனியாகவே கிளம்பிவிட்டார். நான் வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. சரியாகப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் நம் செல்வி அக்கா பூக்கடை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்பா எப்போதும் ஏறுகிற இடத்தில் நின்று, கடலூர் பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறார். கண்டக்டர், "எங்க போவணும் பெரியவரே?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஊர் பேர் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் சத்தமாக, "சேத்தியாத்தோப்பு!" என்றார். "அய்ய, இது கடலூர் வண்டிங்க, அது அந்தாண்ட நிக்குது பாருங்க" என்று கண்டக்டர் நல்ல மனுஷனாகக் கையைப் பிடித்து இறக்கி, சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏற்றியே விட்டாராம்.

அப்பாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். சாயந்திரம் கொளஞ்சியப்பன் என்று ஒருவர் எடுத்தார். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். "ஒங்க அப்பா மெழுகுவத்தி பாக்கெட்ட வச்சிக்கிட்டு ஒவ்வொரு தெருவா போய் எட்டிப் பாக்குறாரும்மா. யாரத் தேடுறீங்கன்னு கேட்டா, அக்கா வூடுங்கறாரு. இங்க எங்களுக்குத் தெரிஞ்சு அப்பிடி யாரும் இல்ல" என்றார்.

நான் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா எழுதுச்சே, இந்த ஊர்தான்னு எழுதுச்சே" என்று சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை அத்தை. எனக்குச் சொல்லி அழ வேறு யாரும் இல்லை.

இப்போது பஸ்ஸைப் பார்த்தாலே அப்பா வீட்டுக்குத் திரும்பி நடக்கிறார். காரில் உட்கார வைத்தாலும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுகிறார்.

சிந்தியா


மஞ்சக்குப்பம்
10.12.2024

அன்புள்ள சிந்தியாவுக்கு அத்தை எழுதுவது. புயலில் தெருவெல்லாம் தண்ணீர், தபால் போகவில்லை. வீட்டுக்குள்ளும் கணுக்கால் தண்ணீர். மாமா கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். இப்போது வடிந்துவிட்டது. அவருக்குச் சளி கட்டி மூச்சு இழுக்கிறது.

உன் கடிதம் புயலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதில் எழுதப் பேனா எடுப்பேன், வைத்துவிடுவேன். பாவி நான், அவனுக்கு என்ன ஊரைக் கொடுத்திருக்கிறேன் பார்த்தாயா? இத்தனை ஊர் இருக்கும்போது போயும் போயும் அதைக் கொடுத்தேனே. கடலூர் என்று எழுதியிருந்தால் என் வாசலுக்கு வந்திருப்பானே! கடலூர் விளையாட்டில் கிடையாது என்று சின்ன வயசில் போட்ட சட்டத்தை இந்த வயசிலும் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். நான் இங்கே வாசலில் நிற்கிறேன், அவன் அங்கே தெருத்தெருவாக என்னைத் தேடுகிறான். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வருகிறேன் என்று எழுத ஆசைதான். அமராவதியால் ஒரு மணி நேரம் உட்கார முடியும், மாமாவைத் தூக்கிப் புரட்ட முடியாது. ஆள் வைத்துப் பார்த்தேன், அந்தப் பெண் முதுகுப் புண்ணைப் பார்த்துவிட்டு மறுநாள் வரவில்லை. மூச்சு இழுக்கிறவரை விட்டுவிட்டு எப்படி வருவேன்? இங்கிருந்து சிதம்பரம் ஒரு மணி நேரம் கூட இல்லையே அம்மா. பஸ் எங்கள் தெருமுனையில்தான் திரும்புகிறது, தினமும் பார்க்கிறேன்.

இத்தோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். கடலூர், மஞ்சக்குப்பம், அக்கா வீடு என்று எழுதியிருக்கிறது. அவன் சட்டைப் பையில் வை. சேத்தியாத்தோப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

அத்தை ஜெயராணி


12.1.2025

இயேசுவுக்கே புகழ் மரியே வாழ்க

அன்புள்ள ............ க்கு

சுகம். நீ சுகமா.

அட்டை வந்தது. பையில் இருக்கிறது. பொண்ணு தினம் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கும். பெரிய வண்டியில் ஏற மாட்டேன். பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

ஒட்டினது எல்லாம் படிக்கிறேன். படித்தால் வருகிறது. திரும்பினால் போகிறது.

ஒன்று கேட்கிறேன். காது கேட்காது. நான் சொன்னால் மட்டும் தெரிந்துகொள்ளும். எனக்கு முன்னாடி பிறந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். திட்டும். எழுதி எழுதி அனுப்பும். முகம் தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. நான் என்ன என்று கூப்பிடுவேன்? பொண்ணு சொல்றேன் என்றது. வேண்டாம் என்றேன். உன்னிடம்தான் கேட்பேன் என்றேன்.

தோத்தேன். ஊர் தர வேண்டும். ஒரு ஊரும் வரவில்லை. எல்லாம் நீயே எடுத்துக்கோ.


மஞ்சக்குப்பம்
19.1.2025

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

என் தங்கத் தம்பி தைரியராஜுக்கு.

நான் சுகம். மச்சானுக்கு மூச்சு கொஞ்சம் தேவலை. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அசைகிற விரலால் என் கையைச் சுரண்டினார். எழுது, உடனே எழுது என்கிறார் போல.

நீ தோற்கவில்லை. கேட்கிறவன் தோற்க மாட்டான், பதில் சொல்லத் தெரியாதவன்தான் தோற்பான். எனக்கு உன் விடுகதைக்கு விடை தெரியும். ஊர் எல்லாம் உன்னிடமே இருக்கட்டும். கடலூரும் உனக்குத்தான்.

பஸ்ஸில் ஏற வேண்டாம், பயப்பட வேண்டாம். நானும் வர முடியவில்லை, என்னைக் கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கு மறுபடியும் மறந்துபோனால் மறுபடியும் கேள், மறுபடியும் எழுதுகிறேன். தினமும் கேட்டாலும் தினமும் எழுதுகிறேன்.

பேரைச் சொன்னால்தான் விடை என்று உன்னைத் திட்டினேன் அல்லவா? அதனால் சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறேன். எப்போதும் கையெழுத்துப் போடுகிற இடத்தில், கீழே பார். கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள். சத்தமாகப் படி. எனக்குக் கேட்காது, ஆனாலும் படி.

இப்படிக்கு,
அக்கா